மையத்து வீட்டுக்குக் கேட்ட குரவை

எங்கள் ஒழுங்கையிலிருந்து கம்பஸுக்குப் படிக்கப் போன முதல் பெண் நான். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காலத்தில் எனக்குப் பெருமை தலைக்கு மேல் இருந்தது உண்மைதான். கல்முனைக் கடைத்தெருவிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற மணல் ஒழுங்கை அது. நான் லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், ரங்குப்பெட்டியைத் தூக்கிவர இரண்டு பேர் முந்துவார்கள். வேலிக்கு மேலால் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். "மலநாட்டுக் குளிர்ல புள்ள வெளுத்திட்டு கா" என்பார்கள். நான் வெளுக்கவுமில்லை, ஒன்றுமில்லை. ஆனால் இல்லையென்று நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

வெளுத்துப்போன கதை வேறு. முதல் வருஷம் அங்கே போய் இறங்கிய நாளிலிருந்து ஆறு கிழமை, ஒன்றரை மாதம், என்னை உரித்தெடுத்தார்கள். பகிடிவதை என்று அதற்கு ஒரு பெயர். பகிடி அவர்களுக்கு, வதை எனக்கு. அம்பாறை மாவட்டம் என்று சொன்னதும், "ஓ, மாவட்டக் கோட்டாவில வந்ததோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆமென்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சில் நான் "ஓம் கா" என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டு மண்டபத்தில் கதிரையில் ஏற்றி நூறு தரம் சொல்ல வைத்தார்கள். இடது கையால் சோறு தின்ன வைத்தார்கள். பிஸ்மி சொல்லி இடது கையால் அள்ளின முதல் வாய் என் தொண்டையில் நின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது. வீட்டுக்கு நான் எழுதிய கடிதத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? "நல்ல சுகம், நல்ல சாப்பாடு, கூட்டாளிமார் தங்கமான பிள்ளைகள்." பட்டதைச் சொன்னால் வாப்பா அடுத்த பஸ்ஸிலேயே வந்து கூட்டிப்போயிருப்பார்.

இரண்டாம் வருஷத்து லீவுக்கு நான் ஊரில் நிற்கும்போதுதான் அந்தப் பிள்ளைக்குக் கம்பஸ் கடிதம் வந்தது. எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து வருஷம் ஒன்றரை போயிருக்கும். தலையில்லாத தென்னைகள் இன்னும் அப்படியே நின்றன. அவள் எங்கள் ஒழுங்கையின் கடைசி வளவு. அவளுடைய வாப்பா கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையின் வாசலில் கைமெஷின் போட்டு, மருதமுனையிலிருந்து வருகிற கைலிச் சாரன்களின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டிக் கொடுக்கிற மனிதர். அவர்கள் வீட்டுக் கூரை ஓடுகளையெல்லாம் சூறாவளி கொண்டுபோய்விட்டது. நிவாரணத்துக்குக் கொடுத்த தறப்பாளின் கீழே இருந்துதான் அவள் சோதனைக்குப் படித்தாள். அப்படிப் படித்தும் என்னை விடக் கூடப் புள்ளி எடுத்தாள். நான் இழுத்துப் பறித்துச் சித்தியடைந்த பாடத்தில் அவளுக்கு ஏ. ஊரில் யாரும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அன்றைக்கே பார்த்தேன்.

கடிதம் வந்ததும் பள்ளி மரைக்கார் ஒருவர் அவளுடைய வாப்பாவைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். மரைக்கார் என்றால் எங்கள் பக்கம் பள்ளிவாசல் காரியம் பார்க்கிறவர், சொன்ன சொல்லுக்கு மறுசொல் இல்லாதவர். அவர் வீடு எங்கள் வளவுக்குப் பின்வேலிக்கு அந்தப் பக்கம். "கொமர்ப் புள்ளைய மலநாட்டுக்கு அனுப்பிப்போட்டு மடியில நெருப்பக் கட்டிக்கொண்டா இரிக்கப் போறாய்?" என்று கேட்டாராம். சாரன் மூட்டுகிற மனிதர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பாவுக்கு அவர் தூரத்து மச்சான். கதிரையில் இருக்கச் சொன்னோம், வாசல் படியிலேயே நின்றார்.

"மச்சான், ஒங்கட மகள் இரிக்கிற இடத்துக்குத்தான் என்ட மகள அனுப்பப் போறன். இவ ஒரு சொல் செல்லட்டும். சரியெண்டா அனுப்புறன், சரியில்லெண்டா விடுறன். எனக்கு வேற ஆரையும் தெரியா."

வாப்பா என்னைப் பார்த்தார். எனக்கு எவ்வளவு உயரம் வந்துவிட்டது என்கிறீர்கள்! "அனுப்புங்க மாமா. போறதுக்கு முதல்ல என்னட்ட விடுங்க. அங்க எப்பிடி இரிக்கிறெண்டு நான் எல்லாம் பழக்கி விடுறன்" என்றேன். அந்த மனிதர் என் தலையில் கை வைக்காத குறை. "அல்லா ஒங்களுக்கு நல்ல ஹயாத்தத் தரணும் மகள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்ததும் அவள் வருவாள், அசருக்குப் பாங்கு சொல்லும்வரை இருப்பாள். கையில் ஒரு அப்பியாசக் கொப்பி. நான் வாயைத் திறந்தால் எழுதுவாள். மெலிந்த பிள்ளை, கறுப்பு, பெரிய கண். சாரி கட்டத் தெரியாது, உம்மாவின் சாரியைக் கட்டிக்கொண்டு தடக்கித் தடக்கி வருவாள். அக்கா முறைக்கு என்னை "ராத்தா" என்பாள். எனக்கு அவளை விட ஒன்றரை வயதுதான் கூட.

முதல் இரண்டு மூன்று நாள் நான் உண்மையாகவே உதவிதான் செய்தேன், அதை மறைப்பானேன். நூல்நிலையத்தில் புத்தகம் எடுக்கிற வழி, சாப்பாட்டு வரிசையில் இறைச்சி வந்தால் என்ன கேட்க வேண்டும், எதை விலக்கி முட்டையும் பருப்பும் எடுக்க வேண்டும், குளிருக்கு என்ன உடுப்பு, காற்றில் முக்காடு பறக்காமல் ஊசி குத்துகிற இடம், எல்லாம் சொன்னேன். நோன்புக்கு சஹருக்கு என்ன செய்வது என்று கேட்டாள். "பிஸ்கட்டும் தண்ணியும்" என்றேன். அதையும் எழுதினாள்.

நாலாம் நாள் பகிடிவதைக்கு வந்தேன். "இது முக்கியம். இஞ்ச பழகினா அங்க நோகாது" என்று தொடங்கினேன். அந்த வசனத்தை நான் எவ்வளவு நம்பினேன் என்று இப்போது கேட்டால், நாலில் ஒரு பங்கு நம்பினேன் என்று சொல்வேன். மிச்சம் மூன்று பங்குக்கும் பெயர் வேறு. தான் பட்ட அடிக்கு அடுத்தவன் முதுகைத் தேடுகிற குணம் ஒன்று மனுஷனுக்கு உண்டு, எனக்கு அது கொஞ்சம் கூடவே உண்டு.

என் தங்கச்சியையும் சாச்சியின் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு வரிசையாகக் கதிரையில் இருத்தினேன். அவர்கள்தான் சீனியர்மார். மூன்று பேருக்கும் பதினைந்து வயதுகூட இல்லை, சிரிப்பு அடங்காது. நடுவில் ஒரு நீளப் பலகை வாங்கைப் போட்டு அந்தப் பிள்ளையை அதில் ஏற்றினேன். முதலாவது சட்டத்தைச் சொல்லி எழுத வைத்தேன். "சீனியர் சொன்னதை மறுக்கக் கூடாது. என்ன நடந்தாலும் சீனியரைக் காட்டிக் கொடுக்கக் கூடாது." அதற்கு ஒன்று என்று இலக்கம் போட்டு, அடியில் மட்டத்தடி வைத்துக் கோடும் கீறினாள்.

"உன்ட வாப்பா என்ன செய்றார்?"

"சாரன் மூட்டுறவர், ராத்தா."

"கேக்கல்ல. அங்க மண்டபம் பெரிசு. சத்தமாச் செல்லு."

"என்ட வாப்பா சாரன் மூட்டுறவர்!"

"எத்தின சாரன்?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அவள் விழித்தாள், மூன்று கதிரையும் சிரித்தது. திரும்பத் திரும்பக் கேட்டேன். பத்தாம் தரம் அவள் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் எனக்கு உள்ளே ஒரு இனிப்பு. படைத்தவன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இனிப்பு. அங்கே அந்த மண்டபத்தில் கதிரைக்கு மேல் நின்று நான் பார்த்த முகங்கள் என்ன சுகத்தில் சிரித்தன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. விளங்கினதும் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நான் மறுநாளைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தேன்.

இடது கைச் சோறும் தின்ன வைத்தேன். உம்மா ஒருதரம் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னகா இது, பீச்சக் கையால திங்கிறா?" என்று கேட்டா. "இது படிப்பு உம்மா, ஒங்களுக்கு விளங்காது" என்றேன். உம்மாவுக்கு மூன்றாம் வகுப்பு. படிப்பு என்று சொன்னால் வாயை மூடிக்கொள்வா.

அந்தப் பிள்ளை அழுதுகொண்டு போகும், மறுநாள் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு வரும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒருநாளாவது வராமல் நின்றிருந்தால் நான் வென்றேன் என்று விட்டிருப்பேன். ஒருநாள் போகும்போது கடப்படியில் நின்று, "ராத்தா, நீங்க இல்லாட்டி நான் அங்க போய் என்ன செய்வன்?" என்று சொன்னாள். நக்கலில்லை. அந்த வாய்க்கு நக்கல் தெரியாது.

பிறகுதான் குரவை. எங்கள் பக்கத்துக்காரருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கலியாணத்துக்கு மாப்பிள்ளை பெண் வீட்டுப் படியேறும்போதும், பிள்ளை பிறந்தாலும், சுன்னத்துக் கலியாணத்துக்கும் எங்கள் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்கள். எல்லாருக்கும் அது வராது. ஒழுங்கைக்கு ஒருவருக்கு வரும். எங்கள் ஒழுங்கையில் அது அந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு வந்தது, உம்மாவிடமிருந்து மகளுக்கு. மகள் போட்டால் கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "ஆர்ட வூட்டுல கலியாணம்?" என்று கேட்பார்கள். கலியாண வீட்டுக்காரர் சொல்லியனுப்பிக் கூட்டிப்போவார்கள், முன்வரிசையில் இருத்துவார்கள். சாரன் மூட்டுகிற மனிதரின் வீட்டுக்கு ஊரில் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

அதில் கை வைத்தேன். "அங்க ஒன்னைப் பாட்டுப் படிக்கச் செல்லுவாங்க. ஒனக்கு என்ன தெரியும்? குரவை. வாங்குல நிண்டு போடு." யார் அறைக்குள் வந்தாலும் போட வேண்டும், பூனை வந்தாலும் போட வேண்டும் என்று சட்டம் போட்டேன். அவள் முதலில் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "ராத்தா, அது நல்ல காரியத்துக்குப் போடுறது. பகிடிக்குப் போட்டா உம்மா ஏசுவா." கொப்பியை எடுத்து ஒன்றாம் சட்டத்தைக் காட்டினேன். மெதுவாகப் போட்டாள். சத்தம் காணாது என்றேன். பலமாகப் போட்டாள். மூன்று பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டன. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் எங்கள் வீட்டில் குரவை. அக்கம்பக்கத்தார் முதலில் கேட்டார்கள், உம்மா "படிப்பாம்" என்றா, பழகிவிட்டார்கள்.

அப்படி ஒரு பின்னேரம். கம்பஸ் திறக்க இரண்டு கிழமைதான் இருந்தது. வெயில் கொளுத்துகிறது, ஒழுங்கையில் ஆளரவம் இல்லை. வாப்பா வயலில் நெல்லுச் சூடு மிதிக்கிற களத்தில். தங்கச்சி தண்ணீர் குடிக்கப் போய்விட்டு அறைக்குள் வந்தாள். நான் வாங்கைப் பார்த்து, "ம்" என்றேன்.

அவள் வாயைத் திறந்தவள் மூடினாள். காதைச் சாய்த்தாள். "ராத்தா, ஆரோ அழுற மாதிரிக் கேக்குது."

"ஒரு இழவும் கேக்கல்ல. போடு."

"பின்வேலிப் பக்கம் ராத்தா. கேளுங்கவன்."

நான் கேட்கவே இல்லை. கேட்க நினைக்கவும் இல்லை. தப்பிக்கப் பார்க்கிறாள் என்று எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "அங்கயும் இப்பிடித்தான் சாட்டுச் செல்லுவியா? அடிச்சு முறிப்பாங்க. வாயில என்ன கொழுக்கட்டையா? மூண்டு தரம் போடு, தெரு கேக்கப் போடு!"

அவள் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். மூன்று தரமும் போட்டாள். அவளுடைய தொண்டையில் அன்றைக்கு இருந்த சக்தி வேறு எந்த நாளும் இருக்கவில்லை. மூன்றாவது முடிந்து அறை அமைதியானபோது எனக்கும் கேட்டது. பின்வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஒப்பாரி வைத்து அழுகிறார்கள். மரைக்காரின் வாப்பா, கட்டிலில் கிடந்த வயது போன மனிதர், கால்மணித்தியாலத்துக்கு முதல் மவுத்தாகிவிட்டார்.

அழுகை ஒரு நிமிஷம் நின்றது. குரவையைக் கேட்டு நின்றது. பிறகு வேலிக்கடப்பைத் தள்ளிக்கொண்டு நாலைந்து பெண்கள் எங்கள் வளவுக்குள் வந்தார்கள். தலைமயிர் விரிந்துகிடக்கிறது, முகம் எல்லாம் கண்ணீர். முன்னுக்கு வந்தது மரைக்காரின் பெண்சாதி.

"ஆருகா? ஆருகா மையத்து வூட்டுக்குக் குரவை போட்டது?"

கேட்க வேண்டியதே இல்லை. ஊரில் அந்தக் குரவை யாருடையது என்று பால்குடிக்கும் தெரியும். அவள் வாங்கின் மேலேயே நின்றாள், இறங்க மறந்துபோய். உம்மா குசினியிலிருந்து ஓடிவந்து, மூச்சு வாங்க என்னைப் பார்த்தா. "என்ன புள்ள நடந்த?"

இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது மூன்று சொல். நான்தான் போடச் சொன்னேன். அவ்வளவுதான். மரைக்காரின் பெண்சாதி எனக்கு ஒரு அறை அறைந்திருப்பா, வாப்பா இரண்டு நாள் கதைக்காமல் இருந்திருப்பார். நான் நிறைய வயல் வைத்திருக்கிற போடியார் வீட்டுப் பிள்ளை, எனக்கு அது ஒட்டாது.

"நான் வேணாமெண்டுதான் செல்லின. அவதான் போட்டா."

என் வாயால்தான் வந்தது. தங்கச்சி நிலத்தைப் பார்த்தாள், சாச்சியின் பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்தன. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது, அவள் சொல்லவில்லை. சீனியரைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. ஒன்றாம் சட்டம். நான் சொல்லிக் கொடுத்து, கோடு கீறிப் படித்த பிள்ளை அல்லவா!

மரைக்காரின் பெண்சாதி அவளை அடிக்கவில்லை. நன்றாகப் பார்த்துவிட்டு, "போக முன்னமே இவ்வளவு கொழுப்பா? நல்லாப் படிகா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி அழப் போய்விட்டா.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. மவுத்தானவருக்குக் கத்தம் ஓதி முடிவதற்குள் கதை கல்முனைக் கடைத்தெருவைத் தாண்டிப் போய்விட்டது. மரைக்கார் கம்பஸ் வேண்டாம் என்று சொன்னதுக்குப் பழிவாங்கத்தான் அவருடைய வாப்பாவின் மையத்துக்குக் குரவை போட்டாளாம். கடை வாசலில் கைமெஷினுக்கு முன்னால் நின்று ஆட்கள் அந்த மனிதரிடமே கேட்டார்களாம். அவர் மகளிடம் கேட்டிருக்கிறார். "தெரியாமப் போட்டுட்டன் வாப்பா" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஏன் போட்டாய் என்றதுக்கு வாய் திறக்கவில்லை. அவளுடைய உம்மா அடித்தா என்றும் கேள்விப்பட்டேன்.

ஐந்தாம் நாள் அவர் வந்தார். அதே வாசல் படி. கையில் கம்பஸ் கடிதம். ஓரம் நனைந்து மையெல்லாம் ஊறியிருந்தது. வாப்பா வீட்டில் இல்லை. என்னிடம்தான் வந்திருந்தார்.

"மகள், மரைக்காரு வூட்ட போய் காலப் புடிக்காத கொறையா மாப்புக் கேட்டுட்டன். அது போகட்டும். நீங்க பக்கத்துல இரிந்த நீங்க. எனக்கு ஒண்டு செல்லுங்க. அவ வேணுமெண்டு செஞ்சவவா? இல்லெண்டு நீங்க ஒரு சொல் செல்லினா, ஊரு என்ன கதைச்சாலும் நான் அனுப்புவன்."

அல்லாஹ் இரண்டாம் தரமும் கதவைத் திறந்து வைத்தான். அந்த மனிதரின் விரலில் ஊசி ஏறின பழைய காயங்கள் எனக்குத் தெரிகின்றன. அவர் கண் என் வாயிலேயே நிற்கிறது. இப்போது உண்மையைச் சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று வரும். அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்துக்கே அர்த்தமில்லை. அவள் வராவிட்டால் அடுத்த லீவிலும் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒரே பிள்ளை நான்தான்.

"அவ கெட்ட புள்ள இல்ல மாமா" என்றேன். "ஆனா அந்த இடம் அவவுக்குச் சரிவருமா எண்டு எனக்குச் செல்லத் தெரியல்ல."

எவ்வளவு பதமான சொல், பாருங்கள். வேண்டாம் என்றும் இல்லை, வேணும் என்றும் இல்லை. "நீங்க செல்லினாச் சரிதான் மகள். ஒங்களுக்குத் தெரியாததா" என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவளுக்கு வைத்திருந்த இடம் பிறகு யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது.

நான் கம்பஸுக்குத் திரும்பினேன். ஒரு கிழமை கழித்துப் புதுப்பிள்ளைகள் வந்தார்கள். நான் கட்டிலில் இருந்துகொண்டு சத்தத்துக்குக் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. கீழே இறங்கிப் போனேன். என்னைக் கதிரையில் ஏற்றின அதே பெண் கீழே நிற்கிறாள், இறுதி வருஷம் இப்போது அவள். புதுப்பிள்ளை ஒன்றின் ரங்குப்பெட்டியை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியேறுகிறாள். மண்டபத்தில் பிளேன்ரித் தேநீரும் சக்கரைக் கட்டியும் வைத்திருந்தார்கள். "என்ன இது?" என்று கேட்டேன்.

"இந்த வருஷம் எங்கட ஹொஸ்டல்ல ஒண்டும் இல்லை எண்டு முடிவெடுத்திட்டம். போதும். எங்களுக்கே அலுத்துப் போச்சு" என்றாள். பிறகு, "உங்கட ஊரிலயிருந்து ஒரு பிள்ளை வருது எண்டு லிஸ்ட்டில கண்டன். கெட்டிக்காரியாம். எங்கை?" என்று கேட்டாள்.

"வரல்ல" என்றேன்.

"அடடா. ஏன், வீட்டில விடேல்லையோ?"

"ஓம்" என்றேன். கா சேர்க்கவில்லை. அது எனக்கு எப்போதோ விட்டுப்போய்விட்டது. அந்த வருஷம் பகிடிவதைப்பட்ட புதுப்பிள்ளை ஒன்றே ஒன்றுதான், அதுவும் கம்பஸ் வாசலை மிதிக்காமல் எங்கள் வீட்டு வாங்கில் நின்று பட்டது. பிளேன்ரியை வாங்கிக் குடித்தேன், சக்கரையையும் கடித்தேன்.

அவளுக்கு அடுத்த வருஷமே கலியாணம் பேசினார்கள், இலேசில் சரிவரவில்லை. "மையத்துக்குக் குரவை போட்ட வாய்" என்று பெயர் வந்துவிட்டது. கடைசியில் அக்கரைப்பற்றுப் பக்கம் மனைவியை இழந்த ஒருவர் அவளைக் கலியாணம் முடித்து வந்து, அந்தக் கடைசி வளவிலேயே இருந்தார். அவளும் வாப்பாவோடு சேர்ந்து சாரன் மூட்டினாள். அவளுடைய உம்மா மவுத்தான பிறகு ஒழுங்கையில் குரவைக்கு ஆளில்லை. ஆனால் ஒரு கலியாணத்துக்கும் யாரும் அவளைக் குரவைக்குக் கூப்பிடவில்லை. நல்ல காரியத்தில் அந்த வாய் திறந்தால் ஆகாது என்று பயம். அவளும் திறக்கவில்லை. அன்றைக்கு வாங்கில் நின்று போட்டதுதான் அவள் கடைசியாகப் போட்ட குரவை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

எனக்குக் கலியாணம் எண்பதுகளின் நடுவில். பட்டம் முடித்து, கல்முனையில் படிப்பிக்கவும் தொடங்கிவிட்டேன். அப்போது என்னை "டீச்சர்" என்பார்கள். புதிதாகக் கம்பஸ் கிடைக்கிற பிள்ளைகளை உம்மாமார் என்னிடம் கூட்டிவருவார்கள், "அங்க எப்பிடி இரிக்கிறெண்டு செல்லிக் குடுங்க டீச்சர்" என்று. சொல்லியும் கொடுத்தேன்.

அசர் தொழுது மாப்பிள்ளை வருவதாக ஏற்பாடு. என்னை உடுத்தி உள்ளறையில் இருத்தியிருந்தார்கள். வந்த பெண்கள் அறை நிறைய. அவளும் வந்திருந்தாள், உம்மா ஊர் முறைக்குச் சொல்லியிருந்தா. மடியில் ஒரு பிள்ளை. மூலையில் இருந்தவள், நெரிசலில் தள்ளுப்பட்டுத் தள்ளுப்பட்டு எனக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள். கை நீட்டினால் தொடலாம். இத்தனை வருஷமும் நாங்கள் இருவரும் நாலு சொல்லுக்கு மேல் கதைத்ததில்லை. முகத்தில் கோபம் இருக்கிறதா என்று கள்ளத்தனமாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதே பெரிய கண்.

வெளியே சத்தம். மாப்பிள்ளை கடப்படிக்கு வந்துவிட்டார். உம்மா உள்ளே வந்து, "குரவை போடுங்ககா!" என்று அவதிப்பட்டா. இரண்டு மூன்று பேர் முயன்றார்கள். ஒருவருக்கு இருமல் வந்தது, மற்றவருக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வாசலைத் தாண்டவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள், மானம் போகிறது. உம்மாவின் கண் அறையைச் சுற்றி வந்து, அவளில் பட்டு, சட்டென்று விலகியது.

அப்போது அவள் என் காதுப் பக்கம் குனிந்தாள். மற்ற யாருக்கும் கேட்காத மாதிரி, கொப்பியோடு வந்த நாளில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"ராத்தா, போடவா?"

ஓம் என்று ஒரு சொல். அந்த வாயில் ஒரு முசீபத்தும், ஒரு கெடுதியும் இல்லை என்று இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஆள் நான் ஒருத்தி. அந்தப் பொய்யைக் கட்டி ஊருக்கு விட்டவளே நான்தான். அவளைக் கையைப் பிடித்து எழுப்பி, எல்லாருக்கும் முன்னால் போட வைத்திருந்தால், ஐந்து வருஷப் பெயர் அந்த ஒரு நிமிஷத்தில் கழன்றிருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் வெளியே என் மாப்பிள்ளை படியேறுகிறார். என் கலியாணம். ஒருவேளை ஏதும் ஆகிவிட்டால்?

"வேணாம்" என்றேன்.

"சரி ராத்தா" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குத் தள்ளி இருந்தாள்.